ஜன்னல் என்பது முதலில் ஒரு ஓட்டை

வீடு கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே மரமா, அலுமினியமா, யுபிவிசி பிளாஸ்டிக்கா என்றுதான் போகும். அப்புறம் கண்ணாடி பச்சையா பழுப்பா, கம்பி எந்த டிசைன். தேவையான கேள்விகள்தான், ஆனால் இவை எல்லாமே இரண்டாவதாக வருகிறவை. சட்டம் பிடிக்கவில்லை என்றால் பத்து வருடம் கழித்துக் கழற்றி வேறு மாட்டலாம். சுவரில் ஓட்டையை எந்தப் பக்கம் விட்டோம், எவ்வளவு உயரத்தில் விட்டோம், எதிர்ச் சுவரில் இன்னொன்று விட்டோமா என்பதை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. அறையில் பகலில் விளக்கு போடாமல் இருக்க முடியுமா, காற்று நகருமா, பிற்பகலில் அறை காயுமா என்பதில் பெரும்பகுதி அந்த ஓட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே கண்ணாடியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஓட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். இதற்குத் தமிழில் இருந்த பழைய சொற்களில் ஒன்று காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தில் விண்டோ என்கிறார்களே, அதுவும் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக் கண்’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகளும் இந்த ஓட்டைக்குப் பெயர் வைக்கும்போது காற்றைத்தான் நினைத்திருக்கின்றன. (இன்று நாம் சொல்லும் ஜன்னல், போர்த்துகீசிய ஜனேலாவிலிருந்து வந்தது.) ஜன்னலில் கண்ணாடி போடுவது ரோமானியர் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்கியது. அதற்கப்புறமும் பல நூற்றாண்டுகள் அது வசதியானவர்களின் பொருளாகவே இருந்தது.

சரி, ஓட்டைக்கு வருவோம். சுவரில் நாலு அடி அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டால் அதற்கு மேலே இருக்கும் செங்கல் ஏன் கீழே விழவில்லை? லிண்டல், அதாவது ஓட்டைக்கு மேலே குறுக்காகப் போடும் விட்டம், தாங்குகிறது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, சுவரே தன்னைக் கணிசமாகத் தாங்கிக்கொள்கிறது. செங்கற்களை மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி மாற்றி அடுக்குகிறோம் இல்லையா, அதனால் ஒவ்வொரு கல்லும் கீழே இருக்கும் இரண்டு கற்கள் மேல் சாய்ந்திருக்கும். நடுவில் கொஞ்சம் கற்களை உருவிவிட்டால் மேலே இருப்பது மொத்தமும் சரியாது, ஏறக்குறைய ஒரு முக்கோணம் மட்டும் உதிரும், மீதி படிக்கட்டுபோல் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றுவிடும். லிண்டல் தாங்க வேண்டியது பெரும்பாலும் அந்த முக்கோணத்தை. ஆனால் இதற்கு நிபந்தனை உண்டு: மேலே போதிய உயரத்துக்குச் சுவர் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் போதிய அகலத்துக்குச் சுவர் இருக்க வேண்டும். அந்த முக்கோணத்துக்குள் ஒரு உத்தரமோ தளமோ வந்து உட்கார்ந்தால் அதன் பாரமும் சேர்ந்துகொள்ளும். ‘பக்கத்து அறையில் இதே அளவுக்குத்தான் லிண்டல் போட்டோம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு அதையே திருப்பிச் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

லிண்டல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு ரப்பர் துண்டை எடுத்து இரண்டு விரல் மேல் பாலம்போல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். மேல் பக்கம் நசுங்கும், அடிப் பக்கம் இழுபடும். கல்லும் கான்கிரீட்டும் நசுக்கலை நன்றாகவே தாங்கும், இழுத்தால் சீக்கிரம் விட்டுவிடும். அதனால்தான் கான்கிரீட் லிண்டலில் முக்கியமான கம்பி அடிப்பக்கத்தில் ஓட வேண்டும். மேலே போட்டுவிட்டு ‘கம்பி போட்டாச்சு’ என்றால், இழுபடுகிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றே அர்த்தம். லிண்டலின் இரண்டு முனையும் சுவரில் ஏறி உட்கார வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டராவது. அகலம் கூடக் கூட இதுவும் கூட வேண்டும். கம்பி இல்லாத காலத்தில் கல் லிண்டலை வைத்து அகலமான திறப்பு விடுவது கஷ்டம், ஆகவே வளைவு கட்டினார்கள். வளைவில் எந்தக் கல்லும் இழுபடுவதில்லை, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே பாரத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய் இறக்கும். பக்கவாட்டில் தள்ளுவதால் இரண்டு பக்கமும் கனமான சுவர் வேண்டும். வீட்டின் மூலையை ஒட்டி வளைவு ஜன்னல் வைத்தால் அந்தத் தள்ளலைத் தாங்க ஆள் இல்லை.

இவ்வளவிலும் ஜன்னல் சட்டத்துக்கு வேலையே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? சட்டம் பாரம் தாங்குவதற்கு இல்லை. அது சும்மா ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மழை இல்லாத காலத்திலும் ஒரு ஜன்னல் கதவு திடீரென்று இறுக ஆரம்பித்தால், இழைப்புளியை எடுப்பதற்கு முன் மேலே லிண்டல் தொய்ந்திருக்கிறதா என்று ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். பாரம் தாங்கத் தெரியாத சட்டத்தின் மேல் பாரம் இறங்கியிருக்கலாம். மரம் ஈரத்தில் ஊதுவது வேறு விஷயம், அது காய்ந்தால் சரியாகிவிடும்.

அடுத்து, எல்லோரும் பார்த்திருக்கிற ஒன்று: ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல். ஏன் எப்போதும் மூலையிலேயே? ஒரு தாளின் நடுவில் சதுரமாக வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கிழிசல் மூலையில்தான் ஆரம்பிக்கும், வேறெங்கும் ஆரம்பிக்காது. ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல் சுவருக்குள் பாரமும் ஓட்டையைச் சுற்றிப் போகிறது, கூர்மையான திருப்பத்தில் நெரிசல் அதிகம். இதற்குக் கொடுமையான உதாரணம் கட்டடத்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது. 1954இல் காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் பறக்கும்போதே உடைந்து விழுந்தன. விசாரணையில், உடலில் வெட்டிவிட்ட திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டது தெரியவந்தது. அதில் ஒரு விமானத்தில் விரிசல் தொடங்கியது மேற்கூரையில் ஆண்டெனாவுக்காக விட்டிருந்த திறப்பில். விமான ஜன்னலின் மூலைகள் நன்றாக உருண்டு இருப்பது அழகுக்காக இல்லை. வீட்டுச் சுவரில் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, பூச்சில் வரும் மயிரிழை விரிசல் சாதாரணம்தான். ஆனால் விரிசல் அகலமாகிக்கொண்டே போனாலோ, செங்கல்லையே பிளந்துகொண்டு போனாலோ, அஸ்திவாரம் இறங்குகிறதா என்று ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டத்தான் வேண்டும்.

வெளிச்சத்துக்கு வருவோம். இதில் பெரும்பாலானவர்கள் அகலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், எனக்குத் தெரிந்தவரை கவலைப்பட வேண்டியது உயரத்தைப் பற்றி. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம்வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே போகும் என்பது கட்டடக்கலைஞர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. மேல்விளிம்பு 7 அடியில் இருந்தால் 14 முதல் 17 அடிவரை. அதற்கு அப்பால் உட்கார்ந்து படிக்க விளக்கு வேண்டும், ஜன்னலை எவ்வளவு அகலமாக்கினாலும் சரி. காரணம் எளிது. நமக்கு வெளிச்சம் தருவது வானம். அறையின் பின்கோடியில் உட்கார்ந்திருப்பவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்க முடிகிறதா, எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. மேல்விளிம்பை ஒரு அடி உயர்த்தினால் அவருக்கு இன்னும் கொஞ்சம் வானம் கிடைக்கும். கீழ்விளிம்பை ஒரு அடி இறக்கினால் அவருக்குக் கிடைப்பது தெருவும் தரையும். மேசை மட்டத்துக்குக் கீழே வரும் வெளிச்சம் மேசைக்கு அதிகம் உதவாது. பார்வைக்கும் காற்றுக்கும் கீழ்ப்பகுதி வேண்டும், அது தனிக் கணக்கு.

இருட்டான சுவரில் ஒரே ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் கண் கூசும், அறையும் இருட்டாகவே தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில்! கண் அந்தப் பிரகாசமான சதுரத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்வதால் சுற்றியுள்ளது இன்னும் கறுக்கிறது. தடிமனான பழைய சுவர்களில் ஜன்னலின் பக்கச் சுவரை உள்பக்கம் விரிந்து வருமாறு சாய்த்துக் கட்டியிருப்பார்கள். அந்தச் சாய்ந்த பரப்பில் வெளிச்சம் பட்டு, பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு இடைநிலை உண்டாகும், கூச்சம் குறையும். அதைவிட நல்லது, இரண்டு சுவர்களில் ஜன்னல் இருப்பது. எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதைப் பல கட்டட விதிகள் தரைப் பரப்பின் ஒரு பங்காகச் சொல்கின்றன, பத்தில் ஒரு பங்கு என்பது அடிக்கடி கண்ணில் படும் அளவு. அதை வெறும் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல்களை எண்ணி வரி போட்ட கதையும் உண்டு. இங்கிலாந்தில் 1696இல் கொண்டுவந்து 1851இல்தான் எடுத்தார்கள். வரிக்குப் பயந்து மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், அந்த அடைத்த தடங்கள் இன்றும் அங்கே பழைய வீடுகளில் தெரியும். பிரான்ஸில் கதவுக்கும் ஜன்னலுக்கும் சேர்த்தே வரி, 1798 முதல் 1926 வரை.

கண்ணாடி பற்றிக் கொஞ்சம். பகலில் வெளியே தெரிகிற ஜன்னல் ராத்திரி விளக்கைப் போட்டதும் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறதே, அது எப்படி? கண்ணாடி மாறவில்லை. சாதாரணத் தெளிவான கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தை, ஒரு முகத்துக்கு 4 வீதம், எப்போதுமே திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளியிலிருந்து வரும் ஒளி வெள்ளத்தில் அந்த 8 சதவீதப் பிம்பம் தெரியாது. இரவில் வெளியே ஒன்றும் இல்லாததால் அது மட்டும் தெரிகிறது. வெளியே நிற்பவருக்கோ நீங்கள் பளிச்சென்று தெரிவீர்கள். மெல்லிய திரை பகலில் மறைத்துவிட்டு இரவில் காட்டிக்கொடுப்பதும் இதே கணக்குதான்: இருட்டில் இருப்பவர் வெளிச்சத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்.

பழைய கட்டடங்களில் கண்ணாடி அடியில் தடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி மெதுவாக ஓடும் திரவம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் காலத்தில் செய்த விதத்தில் தகடு சமமாக வராது, அவ்வளவுதான். இன்றைய தட்டையான கண்ணாடி, உருகிய ஈயத்தின், இல்லை, வெள்ளீயத்தின் மேல் (ஈயம் வேறு, இது பாத்திரத்துக்குப் பூசுகிறார்களே அந்த உலோகம்) உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு எடுப்பது. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் இதை உலகுக்கு அறிவித்தது. தரைவரை இறங்கும் ஜன்னலுக்கு டஃபன்ட் கண்ணாடி கேளுங்கள், உடைந்தால் கத்திபோல் சிதறாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். ஒரே ஒரு எச்சரிக்கை, அதைச் சூளையில் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவு தப்பினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இப்போது காற்று. ‘இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தும் காற்றே இல்லை’ என்ற புலம்பலுக்கு விடை ஒரு தகர டின்னில் இருக்கிறது. மூடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் திரவம் குளுக் குளுக் என்று திக்கித் திக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக வரும். அறையும் அந்த டின்தான். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லை என்றால் வெளியே புயலே அடித்தாலும் உள்ளே வர இடம் இல்லை. காற்று மோதும் பக்கத்தில் சுவருக்கு வெளியே அழுத்தம் கூடும், மறுபக்கத்தில் குறையும். அந்த வித்தியாசம்தான் அறைக்குள் காற்றை இழுத்துப் போகிறது. எதிரெதிரே முடியவில்லையா, பக்கத்துச் சுவரிலாவது ஒன்று. அதுவும் இல்லையென்றால் அறைக் கதவைத் திறந்து வைத்து, அதற்கப்பால் ஒரு ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காற்று வெளியேறும் ஓட்டை உள்ளே வரும் ஓட்டையைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே நுழையும் இடத்தில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வேகம் யார்மேல் படும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நுழையும் ஓட்டையின் இடம்தான். கட்டிலில் படுத்திருப்பவருக்குக் காற்று வேண்டுமென்றால் அந்த ஜன்னல் கட்டில் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், நெஞ்சுயரத்தில் வைத்துவிட்டால் காற்று அவர் தலைக்கு மேலே ஓடிப்போய்விடும். காற்றே அசையாத நாளிலும் ஒரு வழி உண்டு. சூடான காற்று லேசானது, மேலே போகும். அது வெளியேறக் கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டரும் கீழே ஒரு திறப்பும் இருந்தால் தானாகவே ஓட்டம் பிறக்கும். இரண்டுக்கும் நடுவே உயர வித்தியாசம் அதிகமாக இருக்க இருக்க நல்லது. ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும், முகத்தில் தெரியாது, ஆனால் புழுங்கிய காற்று வெளியே போய்விடும்.

இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்துத் திறக்கும் கதவு ஏறக்குறைய முழு ஓட்டையையும் தரும். கொசுவலை போட்டால் இன்னும் கொஞ்சம் போய்விடும். ஆக, ‘ஆறடி ஜன்னல்’ என்று பெருமையாகச் சொல்வது காற்றுக் கணக்கில் வலை போட்ட மூன்றடி. இடம் மிச்சம் என்பதற்காக எல்லோரும் ஸ்லைடிங்குக்குப் போகிறார்கள், நான் அதை எதிர்க்கவில்லை, அகலத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள் என்கிறேன்.

வெயில் விஷயத்தில் திசைதான் எல்லாம். நடுப்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஜன்னலுக்கு மேல் ஒன்றரை இரண்டடி சன்ஷேட் நீட்டினால் நிழல் விழுந்துவிடும். பூமத்தியரேகைக்கு வடக்கே இருந்தால் தெற்குச் சுவருக்கும், தெற்கே இருந்தால் வடக்குச் சுவருக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக, ஏறக்குறைய நேருக்கு நேர் வருகிறது. அதை மேலே நீட்டிய சன்ஷேட் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டு ஏசி வாங்க ஓடுபவர்கள் இதைத்தான் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குச் செங்குத்துத் தடுப்பு, வெளியே மரம், வெளிப்புறத் தட்டி, அல்லது ஜன்னலையே சின்னதாக்குவது.

தட்டியோ திரையோ வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. வந்து தரையையும் திரையையும் சூடாக்குகிறது. சூடான பொருள்கள் திருப்பி விடும் வெப்பக் கதிர் வேறு வகை, அதைக் கண்ணாடி வெளியே விடாது. உள்ளே போட்ட திரை வெயிலைத் தடுத்தாலும் அந்தச் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே தடுத்தால் அது உள்ளே வருவதே இல்லை. குளிர் நாடுகளில் கவலை நேர் எதிர், உள்ளே இருக்கும் சூடு போய்விடக் கூடாது. அதற்குத்தான் இரட்டைக் கண்ணாடி. வேலை செய்வது இரண்டாவது கண்ணாடி இல்லை, நடுவே அடைபட்டு நிற்கும் 12 முதல் 16 மில்லிமீட்டர் காற்று. ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு, அதாவது வெப்பம் கடந்து போகும் அளவு, 5.7 வாக்கில் இருக்கும், சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 வாக்கில்.

சத்தத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், மீதி எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கனமான கண்ணாடிக்குச் செலவு செய்வதற்கு முன் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கை ரப்பர் வைத்து அடையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர், ஜன்னலின் நிரந்தர எதிரி. மழை ஜன்னலில் நேராக ஒழுகுவது அபூர்வம், அது ஊர்ந்து வரும். சன்ஷேட் முனையில் சொட்டாமல் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே உள்ளே நகர்ந்து சுவரைத் தொடும். அதற்காகத்தான் சன்ஷேட்டின் அடியில், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு விரல் அகலத்துக்குக் கீறல் விடுவார்கள். தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னலுக்கு அடியில் வரும் சில் கல்லும் சுவரைவிட வெளியே நீண்டு, வெளிப்பக்கம் சரிந்து, அடியில் இதே கீறலோடு இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கீறலைப் பட்டி போட்டு நிரப்பிவிடுவதுண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கமாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை பிழை இல்லை. தண்டவாளத்துக்குள் மழைத்தண்ணீர் வரத்தான் செய்யும், வந்தது அந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும் என்பதே ஏற்பாடு. இது தெரியாத நாளில் எறும்பு வருகிறதே என்று நானே உட்கார்ந்து சிலிக்கான் வைத்து எல்லாத் துளையையும் நேர்த்தியாக அடைத்தேன். அடுத்த பெருமழையில் தண்டவாளம் தொட்டிபோல் நிரம்பி, உள்பக்க விளிம்பைத் தாண்டி, மெத்தை நனைந்தது. சுவரில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஒரு கோணி ஊசியை எடுத்துத் துளையைக் குத்தினேன், ஒரு நிமிடத்தில் அவ்வளவு தண்ணீரும் வெளியே போய்விட்டது.